மின்கட்டணம் குறைந்தது, ரீலோட் கட்டணம் ஏன் குறையவில்லை? டயலொக்கின் ஆண்டுக் கணக்கை வாசித்தபோது எழுந்த கேள்விகள்

2025 பெப்ரவரியில் டயலொக் ஆக்சியாட்டா குழுமம் 2024ஆம் ஆண்டுக்கான தனது நிதிப் பெறுபேறுகளை வெளியிட்டது. குழுமத்தின் மொத்த வருமானம் 171 பில்லியன் ரூபா. வரிக்குப் பின்னரான தேறிய இலாபம் 12 பில்லியன் ரூபாவுக்குச் சற்று அதிகம். பத்திரிகைகளின் வணிகப் பக்கங்களில் இச்செய்தி வந்தது. ஆனால் அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ இதைப் பற்றி யாரும் பேசக் கேட்கவில்லை. பெற்றோல் விலை மாதமுடிவில் எவ்வளவு மாறும் என்று தேநீர்க் கடையில் விவாதிக்கின்ற நாம், மின்கட்டணம் குறைந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்த நாம், நாள்தோறும் காசு கொடுக்கின்ற தொலைபேசி நிறுவனத்தின் கணக்கைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

நான் வணிகக் கல்வியும் கணக்கீடும் கற்பிக்கின்ற ஆசிரியன். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் வீதியால் பஸ்ஸில் போய், வினாயகபுரத்தில் படிப்பிக்கின்றேன். 2025 மார்ச் 17ஆம் திகதி சாதாரண தரப் பரீட்சை ஆரம்பமாகின்றது. கடந்த சில மாதங்களாக எனது வகுப்புப் பிள்ளைகளுக்கான கடந்தகால வினாத்தாள்களையும் விடைக் குறிப்புகளையும் வட்ஸ்அப் குழுவில்தான் போட்டு வந்தேன். போட்டோப் பிரதிக்கான செலவு மிச்சம் என்று நினைத்தேன். பிள்ளைகளும் விருப்பத்தோடுதான் இருந்தார்கள்.

ஒரு பிள்ளை மட்டும் எப்போதும் இரண்டு மூன்று நாள் பிந்தியே விடைகளை அனுப்புவாள். வகுப்பில் கெட்டிக்காரி. ஏன் இப்படி என்று ஒருநாள் தாயிடம் விசாரித்தேன். "டேட்டா முடிஞ்சி போச்சி சேர். அவர் கடலால வந்து மீன் வித்தாத்தான் ரீலோட் போடலாம். கடல் கொந்தளிப்பா இரிக்கி, நாலு நாளாப் போகல்ல" என்றார். வீட்டில் இருப்பது ஒரேயொரு ஸ்மார்ட் தொலைபேசி. அதுவும் தகப்பனோடு கடற்கரைக்குப் போய்விடும்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. போட்டோப் பிரதிக்கான செலவை நான் மிச்சம் பிடிக்கவில்லை. அதை அந்தத் தாயின் தலையில் இறக்கி வைத்திருக்கின்றேன். இலவசக் கல்வி என்று நாம் பெருமையாகச் சொல்கின்ற ஒன்றுக்குள் ரீலோட் அட்டை நுழைந்துவிட்டது. அதனை நுழைய விட்டவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகுதான் இந்தக் கம்பனிகளின் கணக்குகளை ஒழுங்காக எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் விளங்கியதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று ஆண்டு, மூன்று விதமான கணக்கு

டயலொக்கின் 2024ஆம் ஆண்டுக் கணக்கைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதிகம் விளங்காது. முந்திய இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 2022இல் இக்குழுமம் 30 பில்லியன் ரூபாவைத் தாண்டிய நட்டத்தைச் சந்தித்தது. அடுத்த ஆண்டே, 2023இல், சுமார் 20 பில்லியன் ரூபா இலாபம். 2024இல் 12 பில்லியன்.

இதைக் கேட்டவுடன், "2022இல் ஆட்கள் போன் பேசுவதை நிறுத்திவிட்டார்களா?" என்று கேட்கத் தோன்றும். இல்லை. அந்த ஆண்டில் நிறுவனத்தின் வருமானம் கூடியிருந்தது. எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்ற நாம் முன்னையதை விட அதிகமாகவே தொலைபேசியைப் பாவித்தோம். அப்படியாயின் நட்டம் எங்கிருந்து வந்தது?

அதை எனது வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது போலச் சொல்கின்றேன். ஒரு கம்பனி 10 மில்லியன் டொலர் கடன் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 2021 முடிவில் ஒரு டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபா. ஆகவே கணக்குப் புத்தகத்தில் அக்கடன் 2 பில்லியன் ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி மிதக்கவிடப்பட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த ஆண்டு முடிவில் டொலர் 363 ரூபா. இப்போது அதே கடன் 3.63 பில்லியன் ரூபா. கம்பனி ஒரு டொலர்கூடப் புதிதாகக் கடன் வாங்கவில்லை. ஆனால் புத்தகத்தில் 1.63 பில்லியன் ரூபா நட்டம் எழுதப்பட வேண்டும். கணக்கீட்டில் இதனை அந்நியச் செலாவணி நட்டம் என்கின்றோம். டயலொக்கின் 2022ஆம் ஆண்டு நட்டத்தின் பிரதான காரணம் இதுதான்.

அதன் பின்னர் ரூபா மெல்ல மெல்லத் தேறியது. 2023 முடிவில் டொலர் சுமார் 324 ரூபா. 2024 முடிவில் சுமார் 293 ரூபா. டொலர் இறங்க இறங்க அதே கடன் புத்தகத்தில் சுருங்கும். சுருங்குகின்ற தொகை இலாபப் பக்கத்தில் ஏறும். ஆகவே இவ்வாறான ஒரு கம்பனியின் நட்டத்திலும் இலாபத்திலும் ஒரு பெரும் பங்கு, கோபுரத்திலோ கேபிளிலோ பிறப்பதில்லை, மத்திய வங்கியின் நாணய மாற்று வீதப் பலகையில் பிறக்கின்றது.

2024இல் வருமானம் ஏறக்குறைய 9 வீதத்தால் குறைந்திருப்பதையும் பார்த்தேன். இதுவும் வாடிக்கையாளர் ஓடிப்போனதால் வந்ததல்ல. வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாக வாங்கி விற்கின்ற, மிகக் குறைந்த இலாபம் தருகின்ற ஒரு வணிகத்தை நிறுவனம் வேண்டுமென்றே சுருக்கிக்கொண்டது. மொத்த வியாபாரம் செய்கின்ற எமது சாய்ந்தமருது, மருதமுனை வியாபாரிகளுக்கு இது இலகுவாக விளங்கும். இலாபமில்லாத சரக்கை விட்டால் கல்லாவில் விழுகின்ற காசு குறையும், கையில் நிற்கின்ற காசு குறையாது.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2022இல் தொலைபேசிக் கம்பனிகள் பட்ட பாடு பொய்யல்ல. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கோபுரங்கள் டீசல் ஜெனரேட்டரில் ஓட வேண்டும், டீசலோ நாட்டில் இல்லை. ஏப்ரலில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கோபுரத்துக்கான உபகரணங்கள் எல்லாம் டொலரில் வாங்க வேண்டியவை. ஆகவே கட்டணத்தைக் கூட்டித் தாருங்கள் என்று கம்பனிகள் கேட்டதில் அநியாயம் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

எமது பக்கத்துக் கணக்கு

2022 செப்டெம்பர் 5ஆம் திகதி முதல் கையடக்கத் தொலைபேசி, நிலையான தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 வீதத்தாலும் கட்டணத் தொலைக்காட்சியை 25 வீதத்தாலும் உயர்த்துவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி வழங்கியது. எல்லாக் கம்பனிகளுக்கும் ஒரே நாளில், ஒரே வீதத்தில்.

அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர், செப்டெம்பர் முதலாம் திகதி, பெறுமதி சேர் வரி 12 வீதத்திலிருந்து 15 வீதமாகியிருந்தது. அதற்கு முன்னர் அது ஜூன் மாதத்தில் 8இலிருந்து 12 ஆனது. 2024 ஜனவரி முதலாம் திகதி அது 18 வீதமாயிற்று. இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 2022 மே மாதத்தில் வரிக்கு முன் 100 ரூபாவாக இருந்த ஒரு பெக்கேஜ், 8 வீத வரியோடு 108 ரூபா. 20 வீதம் உயர்ந்தபின் அதன் அடிப்படை விலை 120 ரூபா. அதன்மேல் 18 வீத வரி போட்டால் 141 ரூபா 60 சதம். 108 ரூபா கொடுத்தவர் 141 ரூபா 60 சதம் கொடுக்கின்றார். ஏறக்குறைய 31 வீத உயர்வு. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி போன்ற ஏனையவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அரிசியும் பாண்மாவும் ஏறிய ஏற்றத்தோடு ஒப்பிட்டால் தொலைபேசிக் கட்டணம் குறைவாகவே ஏறியது. உலக நாடுகளோடு ஒப்பிட்டாலும் இலங்கையில் டேட்டா விலை குறைந்த பக்கத்தில்தான் இருக்கின்றது. கம்பனிகள் இதை அடிக்கடி எடுத்துச் சொல்கின்றன. அது உண்மைதான்.

ஆனால் வினாயகபுரத்துத் தாய்க்கு உலக சராசரி தேவையில்லை. அவருடைய கணவருக்குக் கடல் தருகின்ற நாளில்தான் வருமானம். மாதாந்தப் பெக்கேஜ் மலிவு என்பது மாதச் சம்பளக்காரனாகிய எனக்குத்தான். நாட்கூலிக்காரர் ஒருநாள் டேட்டாவை, சில நூறு எம்.பி.யை, சில்லறையாகத்தான் வாங்குகின்றார். சில்லறையாக வாங்குகின்றவனுக்கு சீனியும் விலை, டேட்டாவும் விலை. கட்டார், சவூதி என்று கணவன்மார் போயிருக்கின்ற எமது வீடுகளிலும் இதே நிலைதான். வட்ஸ்அப்பிலும் ஐ.எம்.ஓ.விலும் பிள்ளையின் முகத்தை வாப்பாவுக்குக் காட்டுவது ஆடம்பரமல்ல, அந்தக் குடும்பம் குடும்பமாக இருப்பதற்கான வழி.

மின்சாரத்துக்கு உள்ள நியாயம்

இனி எனது பிரதான கேள்விக்கு வருகின்றேன்.

2023 பெப்ரவரியில் மின்கட்டணம் 66 வீதத்தால் உயர்த்தப்பட்டது. நாடே கொதித்தது. ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் கட்டணம் குறைக்கப்பட்டது. 2025 ஜனவரி 17ஆம் திகதி மேலும் 20 வீதத்தால் குறைக்கப்பட்டது. இந்தக் குறைப்பு அரசாங்கத்தின் தயவால் மட்டும் வந்ததல்ல. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு என்ற ஒழுங்குபடுத்துநர், மின்சார சபையின் முன்மொழிவை வெளியிட்டது, பொதுமக்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டது, மாகாணங்களில் பகிரங்க அமர்வுகளை நடத்தியது. மின்சார சபை கட்டணத்தைக் குறைக்கத் தேவையில்லை என்ற நிலைப்பாட்டில் இருந்தபோதும் கணக்கைப் பார்த்து ஆணைக்குழு குறைத்தது. எரிபொருளுக்கும் அப்படியே. மாதமுடிவில் விலை மீளாய்வு செய்யப்படுகின்றது. சிலவேளை ஏறும், சிலவேளை இறங்கும். ஏறினாலும் இறங்கினாலும் ஒரு முறை இருக்கின்றது.

தொலைபேசிக்கு இந்த முறை எங்கே? டொலர் 363 ரூபாவுக்குப் போனதைக் காட்டித்தான் 20 வீதம் கேட்கப்பட்டது. அந்த டொலர் 2024 முடிவில் 300 ரூபாவுக்குக் கீழே வந்திருந்தது. வட்டி வீதம் இறங்கிவிட்டது. மின்கட்டணம் குறைந்தபோது கோபுரங்களின் மின்சாரச் செலவும் குறைந்தது. ஆனால் செப்டெம்பர் 5ஆம் திகதி எல்லோருக்கும் ஒரே நாளில் உயர்வு அறிவிக்கப்பட்டதைப் போல, எல்லோருக்கும் ஒரே நாளில் அறிவிக்கப்பட்ட ஒரு குறைப்பு பின்னர் வரவில்லை.

குறைக்கத்தான் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கணக்கைப் பார்த்தால் குறைக்க முடியாது என்றே முடிவு வரலாம். கம்பனிகள் 2022இல் பட்ட நட்டத்தை ஈடுசெய்ய வேண்டியிருக்கும், புதிய தொழில்நுட்பத்துக்கு முதலிட வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் கணக்கை மக்கள் முன்னிலையில் பார்ப்பதற்கு என்ன தடை? தொலைத்தொடர்புகள் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்துக்கு 1996இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் உருவானது. பகிரங்க விசாரணை நடத்துவதற்கு அச்சட்டத்திலேயே இடமிருக்கின்றது. இடமிருந்தும், 20 வீதம் ஏன் 15 அல்ல, ஏன் 25 அல்ல என்பதை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை.

ஐந்து பேர் மூன்று பேரான கதை

கட்டணம் குறைவதற்கு இன்னொரு வழியும் உண்டு. அது போட்டி. அந்த வழியும் இப்போது ஒடுங்கி வருகின்றது.

1989இல் செல்டெல் நிறுவனம் இலங்கையில் கையடக்கத் தொலைபேசியை அறிமுகப்படுத்தியபோது அது பணக்காரர்களின் பொருள். 1995இல் டயலொக் சேவையை ஆரம்பித்தது. நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 2005ஆம் ஆண்டில் அது கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அப்போது விடுதியில் பத்துப் பேருக்கு ஒரு தொலைபேசி இருந்தால் பெரிய விடயம். அதிலும் அழைப்பை எடுப்பதை விட மிஸ்ட் கோல் கொடுப்பதுதான் அதிகம்.

2009 ஜனவரியில் இந்தியாவின் எயார்டெல் இங்கே சேவையைத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. விலைப்போர் மூண்டது. ஐந்து கம்பனிகள் ஒன்றோடொன்று மோதின. வாடிக்கையாளருக்கு அது கொண்டாட்டம். கம்பனிகளுக்குத் திண்டாட்டம். அந்த ஆண்டு டயலொக் 12 பில்லியன் ரூபாவுக்கு மேல் நட்டமடைந்தது. அடுத்த ஆண்டு ஆணைக்குழு தலையிட்டு, அழைப்புக் கட்டணம் ஒரு மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது என்று தரைவிலை நிர்ணயித்தது. டயலொக் மீண்டும் இலாபத்துக்குத் திரும்பியது.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 2010இல் விலை அளவுக்கு மீறி இறங்கியபோது ஒழுங்குபடுத்துநர் தலையிட்டார். 2022இல் செலவு அளவுக்கு மீறி ஏறியபோதும் தலையிட்டார். இரண்டும் கம்பனிகள் பிழைப்பதற்கு அவசியமாக இருந்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே பக்கத்தைத்தான் பார்த்தன. கம்பனி விழாமல் தாங்குவதற்கு ஒரு கை நீளும்போது, செலவு இறங்கிய காலத்தில் வாடிக்கையாளர் பக்கம் அந்தக் கை நீள்வதைக் காணவில்லை.

இதற்கிடையில் கம்பனிகளின் எண்ணிக்கை சுருங்கியது. செல்டெல் டிகோவாகி, 2009இல் எடிசலாட்டின் கைக்குப் போனது. 2018 நவம்பரில் எடிசலாட்டை ஹட்ச் இணைத்துக்கொண்டது. 2024 ஜூன் 26ஆம் திகதி எயார்டெல் லங்கா டயலொக்கோடு இணைந்தது. அதற்குப் பதிலாக இந்தியாவின் பார்தி எயார்டெல் நிறுவனத்துக்கு டயலொக்கில் 10 வீதத்துக்குச் சற்று அதிகமான பங்குகள் கிடைத்தன. பெரும்பான்மைப் பங்கு தொடர்ந்தும் மலேசியாவின் ஆக்சியாட்டா குழுமத்திடம். 2009இல் விலையைக் கீழே இழுத்துப் போட்ட அதே எயார்டெல், இன்று விலையைப் போட்ட டயலொக்கின் பங்காளி. இப்போது கையடக்கத் தொலைபேசிச் சந்தையில் மிஞ்சியிருப்பவர்கள் டயலொக், எஸ்.எல்.டி. மொபிடெல், ஹட்ச் ஆகிய மூவர் மட்டுமே.

மூவர் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. இந்தியாவில் 2016 செப்டெம்பரில் ஜியோ வந்தது. டேட்டாவைக் கிட்டத்தட்ட இனாமாகக் கொடுத்தது. ஒரு டசின் அளவில் இருந்த கம்பனிகள் ஒவ்வொன்றாக மூடின, விற்றன, இணைந்தன. கடைசியில் மூன்று தனியார் கம்பனிகளும் அரசாங்கத்தின் பி.எஸ்.என்.எல்.லும் மிஞ்சின. 2024 ஜூலை முதல் வாரத்தில் அந்த மூன்று தனியார் கம்பனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தைக் கூட்டின. பெக்கேஜைப் பொறுத்து 10 வீதத்திலிருந்து 25 வீதம் வரை. அந்த மாதத்தில் மட்டும் 29 இலட்சம் அளவிலான வாடிக்கையாளர்கள் பி.எஸ்.என்.எல். பக்கம் புதிதாகச் சேர்ந்தார்கள். சேவை பின்தங்கியிருந்தாலும் அரசாங்கக் கம்பனி ஒன்று இருந்ததால் மக்களுக்கு ஓடிப்போக ஓர் இடம் இருந்தது. அத்தோடு இந்தியாவில் 2011இலிருந்து இலக்கத்தை மாற்றாமலே கம்பனியை மாற்றலாம்.

இலங்கையில் 2025இன் தொடக்கம்வரை அந்த வசதி நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. எமது இலக்கம் வங்கிக் கணக்கோடு பிணைந்திருக்கின்றது, பிள்ளையின் பாடசாலைக் குழுவோடு பிணைந்திருக்கின்றது, வெளிநாட்டில் இருப்பவரின் நினைவோடு பிணைந்திருக்கின்றது. கம்பனியை மாற்றினால் இலக்கம் போய்விடும் என்ற பயத்தில் எத்தனை பேர் பிடிக்காத சேவையோடு காலம் தள்ளுகின்றார்கள்? போட்டிக்கு மூன்று கம்பனிகள் இருந்தும், வாடிக்கையாளரின் கால் கட்டப்பட்டிருந்தால் அது என்ன போட்டி?

எமக்கும் ஓர் அரசாங்கப் பங்குள்ள கம்பனி உண்டு. ஸ்ரீ லங்கா டெலிகொம்மில் அரசாங்கத்துக்கு 49.5 வீதப் பங்கு இருக்கின்றது. சுமார் 45 வீதம் மலேசிய முதலீட்டாளரிடம். பொருளாதார நெருக்கடியின்போது அரசாங்கத்தின் பங்கை விற்க முயன்றார்கள். 2024 ஜனவரியில் இந்தியாவின் ஜியோ உட்பட மூன்று தரப்புகள் விருப்பம் தெரிவித்திருந்தன. ஆட்சி மாற்றத்தின் பின்னர் அந்த முயற்சி கைவிடப்பட்டது. விற்காமல் வைத்திருப்பது நல்லதே. ஆனால் அந்த நிறுவனம் 2023இல் நட்டத்தில் போனது என்பதையும் மறக்கக் கூடாது. நட்டத்தில் ஓடுகின்ற கம்பனியால் மற்றவர்களின் விலையைக் கட்டுப்படுத்த முடியாது. மறுபுறம், அரசாங்கமே ஒரு கம்பனியின் பெரும் பங்குதாரராகவும், கட்டணத்தின்மேல் வரி அறவிடுபவராகவும், கட்டணத்தைத் தீர்மானிக்கின்ற ஆணைக்குழுவின் எசமானாகவும் இருக்கின்றது. கட்டணம் ஏறினால் அரசாங்கத்துக்கு எந்தப் பக்கத்திலும் நட்டமில்லை. ஆகவேதான் வெளியிலிருந்து கேள்வி கேட்க வேண்டியிருக்கின்றது.

ஸ்டார்லிங்க் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று 2025இன் தொடக்கத்தில் சிலர் சொன்னார்கள். அதற்கு 2024 ஆகஸ்டில் அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டது. ஆனால் கூரையில் தட்டும் மாதாந்தக் கட்டணமுமாக வருகின்ற அந்தச் சேவை ஹோட்டல்களுக்கும் கம்பனிகளுக்கும் உதவலாம். சில்லறையாக ரீலோட் போடுகின்ற வீட்டுக்கு அது பதிலாகாது.

நாம் எதைக் கேட்க வேண்டும்?

எமது சமூகத்தில் வியாபாரம் தெரிந்தவர்கள் ஏராளம். அம்பாறைக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பல விடயங்களில் முகம் திருப்பிக்கொண்டாலும், வினாயகபுரத்து மீனவர் போடுகின்ற ரீலோட்டும் அக்கரைப்பற்று வாப்பா போடுகின்ற ரீலோட்டும் ஒன்றுதான். இது இரண்டு சமூகங்களும் சேர்ந்து கேட்கக்கூடிய கேள்வி. எமது மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி எழுப்பக்கூடிய கேள்வி.

முதலாவது, தொலைபேசிக் கட்டணத்தையும் மின்கட்டணத்தைப் போலக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும். கம்பனிகள் தரும் செலவுக் கணக்கின் சுருக்கத்தை வெளியிட்டு, கிழக்கு மாகாணத்திலும் ஒரு பகிரங்க அமர்வு நடத்தி, அதன் பின்னரே தீர்மானிக்க வேண்டும். ஏற்றுவதாக இருந்தாலும் இதே முறை, இறக்குவதாக இருந்தாலும் இதே முறை.

இரண்டாவது, இலக்கத்தை மாற்றாமல் கம்பனியை மாற்றும் வசதியை இனியும் இழுத்தடிக்காமல் நடைமுறைப்படுத்த வேண்டும். மூன்று கம்பனிகளாகச் சுருங்கிவிட்ட சந்தையில் இது முன்னரை விட அவசியம்.

மூன்றாவது, சேவையின் தரத்தைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். கொழும்பில் கிடைக்கின்ற வேகத்துக்கும் திருக்கோவிலில் கிடைக்கின்ற வேகத்துக்கும் ஒரே காசு கொடுக்கின்றோம். கிடைப்பது ஒன்றா என்று அறிகின்ற உரிமை எமக்கு வேண்டும்.

நான்காவது, பாடசாலைப் பிள்ளைகளின் கற்றலுக்கு டேட்டாக் கட்டணம் அறவிடாத ஓர் ஏற்பாடு வேண்டும். இது நடக்காத காரியமல்ல. 2020இல் கொரோனா காலத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் லேர்ன் வலையமைப்பினூடாக சூம் வகுப்புகளில் கட்டணமின்றிக் கலந்துகொண்டார்கள். கம்பனிகளும் ஆணைக்குழுவும் சேர்ந்துதான் அதைச் செய்தன. பல்கலைக்கழகப் பிள்ளைக்கு முடிந்தது, பதினோராம் தரப் பிள்ளைக்கு ஏன் முடியாது? பில்லியன் கணக்கில் வருமானம் பெறுகின்ற ஒரு துறைக்கு, கல்வி அமைச்சின் இணையத்தளத்தை மட்டுமாவது இலவசமாகத் திறந்து விடுவது பெரிய சுமையாகாது.

இவை எல்லாம் கொழும்பில் நடக்க வேண்டியவை. அதுவரைக்கும் எனது கையில் இருப்பதை நான் செய்தேன். சென்ற வாரம் வினாத்தாள்களைப் போட்டோப் பிரதி எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்தேன். பழைய மாணவர் ஒருவர் கடதாசிக் கட்டுகள் வாங்கித் தந்தார். வட்ஸ்அப் குழுவை மூடவில்லை. ஆனால் அதில் மட்டும் கிடைக்கின்ற பாடம் என்று ஒன்றுமே இருக்கக் கூடாது என்று தீர்மானித்திருக்கின்றேன். ஏனைய ஆசிரிய நண்பர்களும் தமது வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ரீலோட்டுக்காகக் காத்திருக்கின்றார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கின்றேன்.

நான் சொன்ன பிள்ளை இப்போது விடைகளைத் தாளில் எழுதி மறுநாளே கொண்டு வருகின்றாள். பரீட்சைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. ஐந்தொகையில் அவள் இன்னும் ஒரு பிழை விடுகின்றாள், கடனை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதில். அதைத்தான் திங்கட்கிழமை மறுபடியும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.